தென்புறச் சுவர்

வாங்கும்போதே தெரியும் வீட்டுக்கு முகம் சரியில்லை என்று.
விலை குறைந்ததும் அதனால்தான்.
டவ்டனில், நெடுஞ்சாலை இரைச்சல் எட்டும் தெருவில்,
கடுகை அரைத்து அப்பியதுபோல் ஒரு பூச்சு.
அதன்மேல் கரண்டியைச் சுழற்றிச் சுழற்றி
யாரோ இழுத்துவிட்ட விசிறிகள்.
ஒவ்வொரு மடிப்பிலும் முப்பது வருடப் புழுதி.
ஜன்னல் மூலைகளிலிருந்து விரிசல்
பல்லி வாலாய்க் கீழிறங்கும்.
அடியில் உப்புப் பூத்திருந்தது.
அந்த வளவில் பூத்தது அது ஒன்றுதான்.

விலை சொல்ல வந்த பையன்
சுவரை விரலால் தட்டிப் பார்த்தான்.
சில இடம் டொக். சில இடம் டப்.
டப் என்ற இடமெல்லாம் காசு.
பதினாலாயிரத்து இருநூறு என்றான், வரி தனி.
வாகீசன் அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தான்.
வேறு கொடுக்க எங்களிடம் இல்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
எங்கள் சுவரை வங்கியில் அல்லவா வைத்திருக்கிறோம்.
சித்திரத்துக்கு மிஞ்சியது
அறுநூற்று நாற்பது டொலர்.

எதிர்வீட்டு ஸ்லாவ்கோ தண்ணீர் பீச்சும் மெஷின் தந்தார்.
முதல் பீச்சலில் புழுதி போனது.
இரண்டாவதில்
சாப்பாட்டுத் தட்டளவு சுவரும் போனது.
மெஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.
பிறகு வாளியும் தும்புத்தடியும்தான்.

உப்பு என் பங்கு.
ஈரம் படாமல், காய்ந்தபடியே தேய்க்க வேண்டும்.
சுவரோரம் குவிந்திருந்த மண்ணை
ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்தோம்.
உப்புக்கு வேர் அங்கேதான் இருந்தது.
மண்வெட்டி ஏற்கெனவே இருந்ததால் செலவில்லை.
விரிசலுக்குப் பசை, குழாய் ஏழு டொலர்.

கடையின் பின்தட்டில்
பிழையாய்க் கலந்த பெயின்ற் வாளிகள் கிடக்கும்.
யாரோ கேட்டு, யாரோ தவறவிட்டு,
ஒருவரும் கொண்டுபோகாதவை.
பாண் ஆலையில் இரவு வேலை முடித்து வரும் வழியில்
மூன்று வாரம் எட்டிப் பார்த்தேன்.
ஆறு சேர்ந்தது: சாம்பல் மூன்று, பால்வெள்ளை இரண்டு,
யார் வீட்டுக் கதவுக்கோ ஒரு கருநீலம்.
குப்பைத் தொட்டியைக் கழுவிக் காயவைத்து
எல்லாவற்றையும் ஊற்றிக் கிளறினோம்.

ஈர மணல், என்றான் வாகீசன்.
ஆறிய கஞ்சி, என்றேன் நான்.
யானை, என்றாள் மிதுஷா, போனிலிருந்து நிமிராமலே.
யானையே நின்றது.

விடிய ஐந்தரைக்குத் தொடங்குவோம்.
ஒன்பதுக்கு வடக்குக் காற்று எழும்பினால்
தூரிகையிலேயே காய்ந்துவிடும்.
ரோலர் மேடுகளை மட்டும்தான் தொட்டது.
ஒவ்வொரு விசிறிக்குள்ளும் தூரிகையால் குத்த வேண்டும்.
குத்துக்கு ஒரு திட்டு, அந்த முகந்தெரியாத மனிதனுக்கு.
மூன்றாம் நாள்தான் கண்டேன்,
விசிறியெல்லாம் என் கை போகிற பக்கமே விரிந்தன.
அவனும் இடதுகைக்காரன்.
அதன்பிறகு திட்டவில்லை என்றால் பொய்.
கொஞ்சம் மெதுவாகத் திட்டினேன்.

தென்புறம் வெயில் எட்டாத பக்கம்.
பாசி. வேலிக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில்தான் நடக்கலாம்.
அங்கே, காஸ் மீற்றர் தாண்டி,
விசிறிகள் சட்டென்று நின்றுபோயிருந்தன.
பிறகு வெறும் சாந்து, அவசரமாய் வழித்த தடம்.
சீமெந்து தீர்ந்ததா, காசா, லீவா,
வீட்டுக்குள் சண்டையா,
சுவர் சொல்லவில்லை.

எங்கள் யானையும் கிட்டத்தட்ட அங்கேதான் தீர்ந்தது.
தொட்டியைக் கவிழ்த்தோம், ரோலரைப் பிழிந்தோம்,
கடைசிச் சொட்டை இழுத்துப் பூசினோம்.
வாகீசன் நாடா பிடித்து அளந்தான்:
அவன் நிறுத்திய இடத்திலிருந்து
நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர் முன்னே வந்திருக்கிறோம்.

முகம் தெளிந்துவிட்டது என்று தெருவில் சொல்கிறார்கள்.
செவ்வாய் இரவுகளில் நான் அந்தச் சந்தால்
தொட்டியை உருட்டிக்கொண்டு போகிறேன்,
கடுகுச் சுவரில் தோள் உரச.
மூடியைத் திறந்தால்
உள்ளே விளிம்புவரை யானை நிறம்.
ஒரு மடிப்பில்லை, ஒரு விரிசலில்லை.
இந்த வளவிலேயே ஒழுங்காகப் பூசப்பட்ட இடம்
அது ஒன்றுதான்.