மூன்றாவது

ஏற்காட்டில் ஓய்வுநாள் முடிவது
மேகத்தின் இஷ்டம்.

மூன்று நட்சத்திரம் தெரியணும்.
அப்புறம்தான் அடுப்பு, காப்பி.
நாலு வருஷமாய் இந்த முகாமுக்குச் சமைக்கிறேன்,
இது மட்டும் பழகவில்லை.

காலையிலிருந்து ஒரே வரியை
இரண்டிரண்டு பேராய்ப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள்
இப்போது புல்வெளியில், கழுத்து வலிக்க.
பின்னிய மெழுகுவத்தியும்
ஒரு பிடி எஸ்டேட் மிளகும்
தட்டில்.

"ஒண்ணு" என்றார் கொச்சி எலியாஸ்.
சில்வர் ஓக் உச்சியில் இன்னொன்று.
பிறகு மேலே வெறும் வெள்ளை.

கீழே மட்டும் மூடாமல்
சேலம் முழுக்க எரிகிறது.
"அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன?"
தானே சிபோரா விளையாட்டாய்த்தான் கேட்டாள்.

அவ்வளவுதான்.
காலுக்குக் கீழே இருப்பது வானம் ஆகுமா,
ஆள் ஏற்றிய விளக்கு சாட்சி சொல்லுமா,
கொண்டை ஊசி வளைவில் ஊர்கிற லாரி
நிலையா, கோளா.
கால் மணி நேரம்
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.
பகோடா பாயின்ட் பக்கம், பொடிசாய்.

சொல்லலாமா?
என் கண் அவர்கள் கணக்கில் வருமா?
சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தொட்டபடி
இன்னும் கொஞ்சம் நின்றேன்,
எலியாஸ் என்ன பதில் சொல்கிறார்
பார்ப்போமென்று.