புரை

சோபா மெத்தைக்குள் வைக்கிற சாதாரண ஸ்பாஞ்சுதான்.
கட்டைவிரல் அளவுக்கு வெட்டி
கண்ணாடிப் பொடி கரைத்த கூழில் முக்கிப்
பிழிந்தெடுக்கிறாள் சிக்னே லிண்ட்ரூஸ்.
கூடப் பிழிந்தால் நூலாக நின்று முறியும்.
குறைத்துப் பிழிந்தால் கண்கள் அடைத்துக்கொள்ளும்.
எவ்வளவு என்று கேட்டால்
கையைக் காட்டுகிறாள்.

உலை ஏறுகிறது, நிமிடத்துக்கு இரண்டு பாகை.
அவசரம் அதற்கு ஆகாது.
நானூறைத் தாண்டுவதற்குள் ஸ்பாஞ்சு
புகையாகிப் போய்விடும்.
ஆயிரத்தை நெருங்கும்போது கண்ணாடித் துகள்கள்
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்,
எரிந்துபோன ஒன்றின் வடிவத்தில்.

வெளியே துர்க்கு நகரம், பிப்ரவரி.
உறைந்த அவுரா ஆற்றின் மேல்
துளை போட்டு முக்காலியில் குந்தியிருக்கிறார் ஒருவர்.
அந்தத் துளை இல்லையென்றால்
ஆறு அவருக்கு வெறும் தெரு.

முதல் வருடம் டொர்ஸ்டி வலிமையைத்தான் கேட்டான்.
கெட்டியாக வார்த்தார்கள். சுத்தியலுக்கும் அசையவில்லை.
முயலின் தொடையில் வைத்தபோது
எலும்பு வந்தது, சுற்றிப் பார்த்தது,
அழைப்பில்லாத விருந்தாளி மாதிரி
வெளிச்சுவரோடு நின்றுவிட்டது.

பிறகு நூற்றுக்குத் தொண்ணூறு வெறுமை.
படம் பிடித்தால் அழகு; எடுத்துக் கொடுத்தால்
டொர்ஸ்டியின் விரலிடுக்கில் மாவு.
இன்னும் சூடேற்று என்றான்.
ஏற்றினாள். இறுகியது. கூடவே படிகம் விளைந்து
மந்தமாகிவிட்டது; உப்புநீரில் கிடந்தும்
கரைய மனமில்லை அதற்கு.

ஒரு முறை அளவெல்லாம் சரியாக வந்தது.
அறைகள் இருந்தன, அறைக்கு அறை வாசல் இல்லை.
ரத்தம் எப்படிப் போகும்?
அன்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.
சிக்னே உலையின் கதவைத் துடைத்தாள், இரண்டு தடவை.

ஒஸ்மோ ரைதானென் கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர்.
நான்கு வருடம் முன்பு இரும்புத் தகடு சரிந்து
முழங்காலுக்குக் கீழே முறிந்தது.
கூடியது. சீழ் பிடித்தது. சுரண்டினார்கள்.
மறுபடி சீழ், மறுபடி சுரண்டல்.
புரையோடிய புண் என்கிறோம் அதை.
சிக்னே செய்வதும் புரைதான்.
சொல் ஒன்றே;
ஒன்று தின்னுகிறது, ஒன்று இடம் விடுகிறது.

கடுகைவிடச் சிறிய துண்டுகளாக உடைத்து
அவர் எலும்பின் குழியில் நிரப்பினார்கள்.
ரத்தம் ஊறியது. கண்ணாடி மெல்லக் கசிந்து
சுற்றியிருந்த நீரைக் காரமாக்கியது;
கிருமிகளுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை.
சுவர்களின் மேல் சுண்ணாம்பு பூத்தது,
நுண்ணோக்கியில் காலிஃபிளவர் தோட்டம்.
எலும்பு அதைத் தன் சொந்தம் என்று நம்பி
உள்ளே வந்தது,
அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வாசல் வழியாக,
ரத்தக் குழாயையும் கையோடு இழுத்துக்கொண்டு.

பதினான்காம் மாதப் படத்தைப் பார்த்து
ஒஸ்மோ கேட்டார்: எங்கே உங்கள் கண்ணாடி?
மருத்துவர் ஹெல்கா ஊசிதாலோ படத்தைச் சாய்த்துப் பிடித்தார்.
இங்கே கொஞ்சம். இதோ, இங்கே கொஞ்சம்.
மீதி?
மீதியை நீங்கள் கழிப்பறையில் விட்டுவிட்டீர்கள்.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
அவர் சிரித்தார். பிறகு கவனித்தார்,
எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருப்பதை.

அன்று வியாழக்கிழமை. ஆய்வகக் கேண்டீனில்
வியாழன்தோறும் பட்டாணி சூப்.
மூன்றாவது கரண்டியில் சிக்னேக்குப் புரையேறியது.
டொர்ஸ்டி முதுகில் தட்டினான்,
தண்ணீரை நகர்த்தி வைத்தான்.
யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்ல
அந்த மேசையில் யாருக்கும் தெரியாது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
உலை நேரம் ஆயிற்று என்று எழுந்தாள்.