முப்பத்தொரு பேர்

முப்பத்தொரு பேர்.
எண்ணியவள் நான். ரிக்கற் கிழித்ததும் நான்தான்,
அதை ரிக்கற் என்று சொல்லலாம் என்றால்.
பாமசி மருந்து உறைகளின் முதுகில்
நஸ்மில் நீல மையால் எழுதியிருந்தான்:
லாம்பெண்ணை. நூற்றைம்பது ரூபா.
மணலில் செருப்புத் தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

டச்சு பே. மீன்பெட்டிகளை அடுக்கி
மேலே பழைய கதவு இரண்டு போட்ட மேடை.
ஒரு கதவில் பூட்டு இன்னும் இருந்தது.
நிரோஷிகா அதன்மேல் நின்றுதான் பாடினாள்,
நடுவில் குதிகாலால் அதை இரண்டு தரம் தட்டிக்கொண்டு,
உள்ளே ஆரும் இருக்கினமோ என்று கேட்பதுபோல.

அதுவரை என்னிடம் இருந்தது
புளூரூத்தில் வந்த நாலு பாட்டு.
வேலை முடிந்து வரும் பஸ்ஸில், கன்னியா வளைவில்,
ஒரு காதால் மட்டும் கேட்பேன்;
இயர்போனின் இடப்பக்கம் செத்து மாதக்கணக்கு.
அன்றிரவுதான் தெரிந்தது
இடப்பக்கம் முழுக்க நஸ்மில் இருந்திருக்கிறான் என்று.
ஒராளைப் பக்கவாட்டில் மட்டும்
இரண்டு வருசம் பார்த்துப் பழகி
திடீரென்று அவர் முகம் திருப்பினால் எப்படி இருக்கும்?
வாசலில் காசுப்பெட்டியோடு நான்
அப்படி நின்றேன்.

கிளிப்ரன், பாலையூற்றில்
அப்பாவின் வெல்டிங் பட்டறையில் தானே வெட்டிய
தகரத் தட்டொன்றை றம்மில் பூட்டியிருந்தான்.
அடித்தால் சிணுங்கும்.
கொஞ்சம் பொறுத்து, ஒருத்தரும் கேளாமலே,
இன்னொரு தரம் சிணுங்கும்.

மூன்றாம் பாட்டின் நடுவில் இரண்டு பொலிஸ்.
நஸ்மில் அனுமதிக் கடிதத்தை நீட்டினான்.
'பிறந்தநாள் விழா' என்றிருந்தது அதில்.
சங்கீத நிகழ்ச்சி என்று எழுதினால்
ஏழு கையெழுத்து வேணுமாம்.
ரோர்ச் வெளிச்சம் எங்கள் முகங்களில் நடந்தது.
'யாருக்கு?'

ஆளுக்கொரு விரல்.
எல்லாம் என்னை நோக்கி.

பிறகுதான் வாசித்தார்கள்,
ஊரெல்லாம் கேக் வெட்டமுன் பாடுகிற அதையே,
ஆனால் பாதி வேகத்தில்,
பேஸ் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வர.
பேர் சொல்லும் இடம் வந்ததும்
நிரோஷிகா நின்றுவிட்டாள். அவளுக்கு என் பேர் தெரியாது.
கிளிப்ரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்,
நாலு சுற்று, ஐந்து சுற்று.
பின்னாலிருந்து யாரோ 'ரிக்கற்!' என்று கத்த
ரிக்கற்றுக்கே பாடி முடித்தாள்.
வயதான பொலிஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
'சுப உபந்தினயக்' என்று கைகொடுத்தார்.
எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு ஆறு பாட்டு வாசித்தார்களாம்.
ஒன்றும் ஞாபகமில்லை.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று
கச்சான் சுற்றிய பேப்பரைத் தின்றது ஞாபகம்.
கூட வந்த தர்ஷாயினி, மான் வரவேயில்லை என்கிறாள்.
வந்தது.

நாலு பாட்டும் பழைய போனோடு போய்விட்டன.
நிரோஷிகா கனடாவில்; கடிதம் போட்டால்
பனியைப் பற்றிப் பதில் எழுதுவாள்.
கிளிப்ரன் கேற் செய்கிறான்.
லாம்பெண்ணை என்று ஒரு குழு இருந்ததற்கு
யாரோ எடுத்த பதினொரு செக்கன் வீடியோ சாட்சி.
அதிலும் அந்தப் பிறந்தநாள் பாட்டுத்தான்,
பேர் வராத அந்த இடம்.

நான் தை மாதத்தில் பிறந்தவள்.
ஆனாலும் ஒவ்வொரு ஓகஸ்ற் பதினேழும்
டோகாவிலிருந்து நஸ்மில் கேட்பான்:
'ரிக்கற், இப்ப எத்தினை வயசு?'
இந்த முறை, பன்னிரண்டு என்று போட்டேன்.
பதிலுக்கு ஒரு குரல்பதிவு.
பேச்சு இல்லை. கட்டில் சட்டத்திலோ எதிலோ
விரலால் தட்டுகிறான், பேஸ் மட்டும்,
மேலே ஏசி இரைகிறது.

அதே பஸ். அதே வளைவு.
இரண்டு பக்கமும் கேட்கிற இயர்போன் இப்போது.
மற்றப் பாதி எனக்குத் தெரியும் என்பதால்
சத்தம் வைத்தே பாடியிருக்கிறேன் போல.
முன் சீற்றில் இருந்த பெடியன்
திரும்பிப் பார்த்தான்.