ஏழு பேர் வரை

மே இருபது தொடக்கம் ஜூன் ஒன்பது வரை
சாம்பல் நிறம் பூசினேன்.
அவ்வளவுதான் வேலை. மவுஸை அழுத்திப் பிடித்து
ஒரு இழுவை.
நானூற்றிப் பன்னிரண்டு பேரின் வைகாசி
பூட்டிக்கொண்டது.

காரணம் என்ற பெட்டிக்குள்
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
‘ஏற்றுமதி’ என்று அடித்தேன்.
எதை ஏற்றுகிறோம் என்று அது கேட்கவில்லை.
பனி கொட்டும் ஊர்களுக்கான ஜாக்கெட்.
களுவாஞ்சிகுடி வெயிலில், தகரத்துக்குக் கீழே
பஞ்சடைத்த கைகளைப் பொருத்துகிறார்கள்.

மறுகா ஒவ்வொருத்தராய் வந்தார்கள்.

மருதமுனை மஸ்னூனா:
“ஹஜ்ஜுப் பெருநாள் எண்டைக்கு எண்டு
பிறை கண்டாத்தானே தெரியும் மிஸ்.”
பிறை தெரிவது பத்து நாளுக்கு முந்தி.
விண்ணப்பத்துக்குப் பதினான்கு நாள் வேண்டும்.
ஏழாந் திகதி, இல்லாவிட்டால் எட்டு
என்று எழுத அங்கே இடமில்லை.
பெருநாளுக்கு அரச விடுமுறைதான்.
இது அரசாங்கமில்லை.

குறுமண்வெளியில் பாதையேறி
வாவியைக் கடந்து வரும் யோகசோதிக்கு
குளிர்த்தியில் ஒரு நேர்த்தி.
நேர்ந்தது போன வருடம், மகனுக்கு டெங்கு.
அப்போது இந்தச் சாம்பல் இல்லை.
“அம்மாளிட்டத் திகதிய மாத்தச் சொல்லட்டா கா?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஏழாம் லைன் தர்மினி ஒன்றும் கேட்கவில்லை.
சுவரில் ஒட்டிய தாளை வாசித்தாள்,
கிறுகிப் போனாள்.
அவளுக்கு என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது.

விதானகே சேர் கொழும்பிலிருந்து எடுத்தார்.
விதிவிலக்கு என்று ஒரு பக்கம் இருக்காம்,
ஏழு பேர் வரை போடலாமாம்.
எட்டாவது பெயரை அடித்துப் பார்த்தேன்.
திரை சிவந்தது.

அன்றிரவு சோறு ஆற ஆற
பெயர்களைப் போட்டேன், எடுத்தேன்.
மஸ்னூனாவைப் போட்டால்
அவளோடு வரும் பஸ் முழுவதையும் போட வேண்டும்.
மூன்றாம் லைன் ரேணுகாந்திக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி
ஆறு மாதம் காக்கவைத்துத் தந்த திகதி,
அதையும் மாற்ற ஏலாது.
அம்மன் பெரிதா கண் பெரிதா என்று
இரண்டு மணிக்கு ஒருத்தி யோசிக்கிறாள்,
மாதம் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு.

விடியப்புறம் ஆறு பெயர் ஆயிற்று.
யோகசோதி இருக்கிறாள். மஸ்னூனா இல்லை.
ஏன் என்று கேட்டால்
நாற்பது எழுத்துக்குள் என்னிடம் பதிலில்லை,
நானூறு எழுத்திலும் இல்லை.

ஏழாவதை நிரப்பவில்லை.
மூன்று கிழமை, நானூறு வீடு.
யாருக்காவது தாயோ தகப்பனோ
மோசம் போகாமலா இருக்கும்?
அதற்கென்று வைத்திருக்கிறேன்,
இன்னும் உயிரோடு இருக்கும் ஒருவருக்காக.
அவர் இந்நேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் இரவில் போன் அடித்தால்
முதலில் அந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது.
அதற்குப் பிறகுதான்
ஆள்.