உறைவிடம்

முப்பத்தொன்பதைத் தாண்டியதும்
பாதரசம் வேலையை விட்டுவிட்டது.
குழாய்க்குள் ஒரு வெள்ளிக் குச்சி, அவ்வளவுதான்.
அக்குலினா அதைத் திட்டவில்லை.
பக்கத்துக் குழாயில் சிவப்புச் சாயமிட்ட சாராயம்;
குனிந்து பார்த்து
மைனஸ் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள்,
பென்சிலால்.
பேனா மை அக்டோபரிலேயே செத்துவிட்டது.

இந்திகிர்க்கா கரையில் காற்றே இல்லை.
விட்ட மூச்சு காதோரம்
தானியம் சரிவதுபோல் சலசலத்து விழுகிறது.

கர்லாம்ப்பி நேற்றே வந்திருக்க வேண்டும்.
லாரித் தொட்டியில் கோடைக்கால டீசல்,
விலை குறைவென்று வாங்கினான்,
அதற்குத்தான் சண்டை.
டீசலுக்கு இன்ன நேரத்தில் உறைந்தேன்
என்று சொல்லத் தெரியாது.
நீளநீளச் சங்கிலிகள்,
முதலில் கலங்கும், மெழுகு பிரியும், கூழாகும்,
வடிகட்டியில் வந்து அடைத்துக்கொள்ளும்.
அவன் கோபமும் அந்த ஜாதி.

தண்ணீர் அப்படியல்ல.
பூச்சியத்தில் முடிவெடுக்கும்.
அலைந்ததெல்லாம் அலுத்து
அறுகோணமாய் இடம் பார்த்து உட்காரும்,
நடுவில் வெற்றிடம் விட்டு.
உறைவது என்றால் குடியிருப்பதும்தானே.
வீடு கட்ட இடம் கூடுதலாய் வேண்டும்:
நுழைவறையில் ஜாடி வெடித்தது அதனால்தான்,
ஆற்றின் மேல் பனிக்கட்டி மிதப்பதும்,
அடியில் மீன் பிழைப்பதும்.

அதே நுழைவறையில்
உப்புமீன் பீப்பாய் இன்னும் தளும்புகிறது.
உப்பு அழையா விருந்தாளி,
யாரையும் உட்கார விடாது.

சாக்கில் அடுக்கிய பால் வட்டுகளில்
ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்தாள்.
ஓரம் வெளுப்பு, நடுவில் மஞ்சள்.
தண்ணீர் முந்திக்கொண்டு உறைந்து
கொழுப்பையும் இனிப்பையும்
நடுவுக்குத் தள்ளியிருக்கிறது.
கடைசிவரை உறையாமல் நின்றது எதுவோ
அதுதான் தித்திக்கிறது.
நாக்கு ஒட்டிக்கொண்டது. சிரித்தாள், வலித்தது.

மூன்று மணி அளவீட்டுக்கு முன்
இருமிக்கொண்டே வந்து நின்றது லாரி.
மண்ணெண்ணெய் கலந்திருக்கிறான்,
தொட்டிக்கு அடியில் ஊதுவிளக்குப் பிடித்திருக்கிறான்,
கையுறை கருகியிருக்கிறது.
சமாதானத்துக்கு ஒரு வோட்கா புட்டி நீட்டினான்.
பாதிக்குமேல் தண்ணீர்தானே அதிலும்:
பனிக்கூழ்.
கவிழ்த்தால் விழவில்லை.

இமைமயிரில் வெள்ளை முடிச்சுகள்.
மூச்சின் ஈரமா, மற்றதா?
மற்றதில் உப்பு உண்டு,
ஆனாலும் ஐம்பத்திரண்டுக்கு அது போதாது.
அவள் கேட்கவில்லை.

ஆற்றில் அறுத்து வந்த கட்டி ஒன்றை
அடுப்பின் மேல் வைத்தாள்.
நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை.
தீயை முழுக்கத் தின்றும்
சூடேறாமல் இருந்தது பாத்திரம்,
இருக்கையை விட்டு ஒவ்வொன்றாய் எழுப்பவே
அத்தனை விறகும் வேண்டியிருந்தது.

"தேநீருக்கா?" என்றான்.
"முதலில் உருகட்டும்" என்றாள்,
பென்சிலைத் தேடிக்கொண்டே.