எச்சிலால் பிசைந்த கார்த்திகை

கோனாபட்டு வீட்டுக்கு மூன்று பூட்டு,
சாவி மூன்று பங்காளியிடம்.
இரண்டு வந்து சேர்ந்தன.
மூன்றாவதற்குக் கிள்ளானிலிருந்து போன்:
"உடைச்சுக்க சின்னமணி."

பர்மாத் தேக்கில் ஒரு கீறல் இல்லை.
பல் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.
இரண்டாங்கட்டு அறையில்
பேரேடுகள்தான் தீர்ந்திருந்தன.
அட்டை அப்படியே, உள்ளே மண்.
வட்டியும் முதலும்
செம்மண்ணாக வரவு.

நான் கரையானுக்கு மருந்தடிக்கிறவள்.
அடிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர்.
ஒன்பது வருஷமாய் இதே வீடு.
முதல் வருஷம் நடுச்சுவரில் ஏறியவை
அடுத்த வருஷம் தூணைச் சுற்றி வந்தன,
அதற்கடுத்து
நான் துளை போடாத சாமியறை வழியே.
ஒதுங்கத் தெரிந்தவைதான் மிஞ்சின என்றால்
இப்போதிருக்கும் கூட்டத்தைச்
சலித்தெடுத்தவள் நான்தானே.

சுவரில் ஓடிய மண்குழாயை
நகத்தால் சுரண்டினேன்.
வெளியே ஆவணி
ஊருணியின் அடிமண் வரை வெடித்துக் கிடக்க
உள்ளே ஈரம்,
எச்சிலால் பிசைந்த ஒரு கார்த்திகை.
அதற்குள் பிறப்பதற்கு
வெயில் தாங்கும் தோல் எதற்கு?
கண்ணும் இல்லை.
எத்தனை தலைமுறை கட்டினவோ,
கட்டிய இருட்டு
கண்ணைக் கூலியாக வாங்கிக்கொண்டது.

ஒரு டீ குடித்து வருவதற்குள்
உடைந்த இடத்தை அடைத்திருந்தன.

தரைக்கடியில் தோட்டம் வைத்திருக்கின்றன.
மென்று துப்பிய மரத்தூளில் காளான் பயிர்.
இவை இல்லாமல் அது முளைக்காது,
அது இல்லாமல் இவற்றுக்குச் செரிக்காது.
யார் யாரை வளர்ப்பது என்று
கையில் கடப்பாரையோடு யோசிக்கக் கூடாது.

எனக்கு மட்டும் என்னவாம்.
மருந்து நெடி இப்போது தெரிவதில்லை,
மல்லிகையும்.
அடுப்பில் கருவாடு கருகி
வீட்டுக்காரர் கத்திய அன்றுதான்
மூக்கு போனது தெரிந்தது.
ஆனால் விரல் முட்டியால் நிலையைத் தட்டி
எத்தனை அங்குலம் உளுத்திருக்கிறதென்று சொல்வேன்.
இப்படியொரு காது
முன்பு எனக்கு இருந்ததில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது.
வளவுத் தளக்கல் இடுக்கிலிருந்து
ஈசல், ஈசல்.
வெளியே போகிறதுகளுக்கு மட்டும்
கண் உண்டு, சிறகு உண்டு.
பல்லிகளுக்கும் அது தெரியும்.
தப்பியது எங்கோ இறங்கி
சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு
முதல் வேலையாக
வெளிச்சத்தை மூட மண் தேடும்.

மறுபடி கிள்ளான் போன்.
"எல்லாம் செத்துச்சா?"
சாத்தப்பண்ணன் வீட்டைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.
ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள், உள்ளே ஏ.சி.
"மருந்து இறங்குதுண்ணே" என்றேன்.

மூன்றாம் நாள்
மருந்து போகாத வேலியோரப் புற்றில்
காளான் குடை விரித்திருந்தது.
மடி நிறையப் பறித்துப்போய்
சின்ன வெங்காயம் போட்டு வதக்கினேன்.
வாசம் எப்படி என்று
வீட்டுக்காரரைக் கேட்டேன்.