காற்றின் எடை

ஆடியில் பனகுடி விலக்கில் நின்றால்
முந்தானையைப் பிடிக்கவே ஒரு கை வேண்டும்.
கணவாயில் இறங்கும் காற்று
இறக்கைகளையெல்லாம் சுழற்றிவிட்டு
மிச்சத்துக்கு என்னைத் தள்ளுகிறது.
பாலம் ஏறத் திணறிய காரை
ஒரு வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

சேர்மக்கனி ஸ்டியரிங்குக்கு அடியில்
ஒரு கருவியைச் சொருகினான்.
"காத்தை நிறுக்கிற கம்பி
கள்ளக்கணக்கு சொல்லுதுக்கா."

தவணை வசூலிக்கிறவள் நான்.
அந்தச் சொல்லுக்குக் காது தானாகத் திரும்பும்.

முடி மாதிரி ஒரு கம்பி.
சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும் அதற்கு.
காற்று பட்டால் ஆறும்,
ஆறவிடாமல் கரண்ட் ஏறும்.
எவ்வளவு கரண்ட் தின்றதோ அவ்வளவு காற்று.
அந்தக் கணக்கை நம்பித்தான்
ஒரு அலுமினியப் பெட்டி பெட்ரோல் படியளக்கிறது,
ஒரு கிராமுக்குப் பதினாலே முக்கால் கிராம் காற்று என்று.
ஊசி திறந்து மூடுகிற நேரம்
ஒரு நொடியை ஆயிரமாய் நறுக்கினால்
மூன்று துண்டு.
அஞ்சானால் கரும்புகை.

"பில்டர் கிழிஞ்சு கிடக்குல்லா, பாக்கலியா?"
குட்டத்துத் தேரியின் செம்மண்
கம்பிமேல் போர்வையாய்ப் படிந்திருக்கிறது.
போர்த்தியவனுக்கு ஏது குளிர்?
காற்று கொஞ்சம்தான் என்றது கம்பி.
பெட்டி படியைக் குறைத்தது.

ஆனால் புகைக்குழாயில்
மூக்கை நீட்டி இன்னொருத்தன் இருக்கிறான்.
எரிந்தது போக மிஞ்சிய ஆக்ஸிஜனை மோந்து
பத்தல, பத்தல என்கிறவன்.
பெட்டி அவன் பேச்சையும் கேட்டது.
அஞ்சு சதவீதம் கூட்டியது. பத்து.
பதினெட்டு.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
இருபத்தைந்துக்கு மேல் அதற்கு அதிகாரமில்லை,
அங்கே வந்துதான் விளக்கைப் போட்டிருக்கிறது.

"எந்த விளக்கு?"

அவன் ஒன்றும் பேசாமல்
டேஷ்போர்டில் நான் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை
நகத்தால் கிள்ளினான்.
உள்ளே மஞ்சள்.
பங்குனியிலிருந்து கண்ணைக் கூசியது, ஒட்டிவிட்டேன்.
பொட்டை எறியவும் மனசில்லை போல,
கண்ணாடியில் ஒட்டிவிட்டான்.

கம்பிக்கு ஸ்ப்ரே, புது பில்டர்.
விரல் படாமல், ஊதாமல்,
பிள்ளைக் கண்ணில் விழுந்த தூசியைப் போல.
எழுநூற்றி இருபது ரூபாய்.
கருவியில் எண் இன்னும் இருபத்தைந்திலேயே நின்றது.
"பழசை உடனே மறக்காதுக்கா.
ஓட்டுங்க. மெதுவா நம்பும்."

வள்ளியூர் தாண்டினேன்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்தால்
பொட்டு என் காதுக்கு மேலே நிற்கிறது.